ஆகஸ்ட் 16 என்று எழுதிய டப்பா

ஜூன் 5, வெள்ளி

அன்புள்ள குருவிக்கு,

அப்பா எழுதுவது. 'நான் நலம்' என்று தொடங்கினால்தான் அது கடிதமாம். சரி, நான் நலம். மாப்பிள்ளையும் நலம் என்றுதான் நினைக்கிறேன், அவர் வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். உன் வீட்டு ஓவனும் நலம். அதன் கதவில் பட்ட என் இடது கை மட்டும் கொஞ்சம் நலமில்லை. களிம்பு போட்டாகிவிட்டது. உன் அம்மாவிடம் சொல்லாதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் அங்கே உன் கூட இருக்கும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பிறகு நீயும் நானும் பேசவேண்டியதில் முக்கால் பங்கை அவளே பேசி முடித்துவிடுகிறாள். மாப்பிள்ளைதான் சனிக்கிழமை தவறாமல் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அவர் பையில் ஒரு கடிதம் என்ன கனத்துவிடப் போகிறது.

நீ அங்கே போய்ப் படுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. இறங்கக் கூடாது, நடக்கக் கூடாது, பிரஷர் ஏறக் கூடாது, மனதில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது. டாக்டரம்மா சொன்ன 'கூடாது'களை என்னால் ஒரு நாள்கூடக் காப்பாற்ற முடியாது. நீ காப்பாற்றுகிறாய். உள்ளே இருப்பவர் இன்னும் பத்து வாரம் உள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. போன தடவையைப் பற்றி நாம் பேச வேண்டாம். இது இந்தத் தடவை.

இனி வியாபாரச் செய்தி. நீ போகும் முன் கலக்கி உறைய வைத்துவிட்டுப் போன பிரவுனி மாவை வைத்துக்கொண்டு அப்பா முதலாளியாகிவிட்டேன். மூன்று வெள்ளிக்கிழமையும் பல் டாக்டர் கிளினிக்குக்குச் சரியாகப் பதினொரு மணிக்குப் பதினாறு துண்டு போய்விட்டது. பல் வைத்தியம் பார்க்கிற இடத்தில் வாராவாரம் இனிப்பு வாங்கி வைக்கிறார் என்றால், அந்த மனிதருக்குத் தொலைநோக்கு இருக்கிறது.

ஃப்ரீசர் கதவில் நீ எழுதி ஒட்டிய காகிதத்தை வரி வரியாகப் பின்பற்றுகிறேன். முதல் நாள் மாலையே டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்று. அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்காதே. போட்டு அடிக்காதே, ஒரு தடவை மெதுவாகக் கிளறு. முந்திரிப் பருப்பை மாவு இளகிய பிறகு சேர். இளகினதைத் திரும்ப உறைய வைக்காதே. கடைசி வரிக்கு மூன்று கோடு போட்டிருக்கிறாய். இருபத்தாறு வருடம் குளிர்சாதனக் கிடங்கில் சரக்கு காத்தவனுக்கு இந்த வரியா? ஆனாலும் படித்தேன்.

உன் கணக்கில் ஒரு தப்பு கண்டுபிடித்தேன், திட்டாதே. புதன்கிழமை சும்மா இருக்க முடியாமல் ஃப்ரீசரை முழுக்க வெளியே எடுத்து இருப்புப் பார்த்தேன். எல்லா டப்பாவிலும் உறைய வைத்த தேதி மே 20 என்று இருக்கிறது. ஐஸ் தட்டுக்குப் பின்னால், இரண்டு உறை போட்டுச் சுற்றிய ஒரு டப்பாவில் மட்டும் ஆகஸ்ட் 16! இன்னும் வராத தேதியில் எப்படியம்மா உறைய வைத்தாய்? ஏழாம் மாதத்து மறதி என்று சிரித்துக்கொண்டேன். எங்கள் கிடங்கில் தேதி தப்பிய பெட்டியைக் கண்டால் அதைத்தான் முதலில் வண்டியில் ஏற்றுவோம், ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படுவதற்குள். அதே வழக்கப்படி இன்றைக்கு அந்த டப்பாவையே சுட்டுக் கிளினிக்குக்குத் தள்ளிவிட்டேன். இப்போது உன் இருப்பில் ஒரு தப்பும் இல்லை. நன்றி எல்லாம் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. இடது பக்கமாகவே படு. உள்ளே இருப்பவரை விசாரித்ததாகச் சொல்.

உன் அப்பா (தற்காலிக முதலாளி)


ஜூன் 8, திங்கள்

குருவி,

இதைத் தபாலில் போடுகிறேன். அடுத்த சனிக்கிழமை வரை கையில் வைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

சனிக்கிழமை சாயங்காலம் உன் அம்மா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடாமல், வராந்தாவுக்கு வந்து, மெல்லிய குரலில் பேசினாள். அவள் மெல்லப் பேசினால் விஷயம் பெரிது. "என்னத்த எழுதித் தொலைச்சீங்க? கடுதாசிய மடிச்சு தலகாணிக்கு அடியில வச்சுட்டு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. நர்ஸ் வந்து பிரஷர் பாத்தா நூத்தம்பது நிக்குது" என்றாள். கையைச் சுட்டுக்கொண்டதைத்தான் எழுதினேன் என்றேன். "அதுக்கெல்லாம் என் பொண்ணு அழமாட்டா, உங்களப் பத்தி அவளுக்குத் தெரியாதா" என்று வைத்துவிட்டாள்.

நேற்று மாப்பிள்ளை உன் பதிலைக் கொண்டுவந்தார். "பரவாயில்லப்பா." ஒரே ஒரு சொல். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் எழுத்து தடவினால் கைக்குத் தெரிகிறது. அவ்வளவு அழுத்தி எழுதிய 'பரவாயில்லை'யை நான் இதுவரை பார்த்ததில்லை.

மாப்பிள்ளையைச் சாப்பிட உட்கார வைத்துக் கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, அவர் சொல்லை மருந்துக்கடைத் தராசில் நிறுத்துத் தருகிறவர். தண்ணீர் குடித்தார். தட்டைப் பார்த்தார். பிறகு, "ஆகஸ்ட் பதினாறு டாக்டர் குடுத்த தேதி, மாமா" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்தத் தடவ அவ கொழந்தைக்கு ஒரு குல்லாகூட வாங்க விடல. முன்கூட்டி செஞ்சது அது ஒண்ணுதான்" என்றார். அதற்குப் பிறகு என்னாலும் சாப்பிட முடியவில்லை.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து மாவைக் கலக்கிக்கொண்டே கேட்டாயே: "அப்பா, நம்ம ஃப்ரீசர்ல இது மூணு மாசம் தாங்குமா?" நான் என்ன சொன்னேன்? "யார்கிட்ட கேக்குற? கதவத் திறந்து திறந்து பாக்காம இருந்தா கல்லு மாதிரி நிக்கும்" என்று மீசையை முறுக்கினேன். எதற்கு மூன்று மாதம் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. நீ கேட்டது டப்பாவைப் பற்றி இல்லை என்று இப்போது புரிகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், அதிலும் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். எனக்கு எதுவும் இரண்டாவது தடவைதான் ஏறும்.

தப்பான தேதி என்று எழுதினேனே, அந்த ஃப்ரீசரிலேயே யோசித்து எழுதிய தேதி அது ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ சொல்ல மாட்டாய், நானே சொல்கிறேன். போன தடவை ஐந்தாம் மாதம் முடிவதற்குள் தொட்டில் கட்டிலை வாங்கி, மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்து உன் அறையில் போட்டவன் நான்தான். "இப்பவே எதுக்குப்பா" என்று நீ சொன்னாய். "இடத்தை அடைச்சுக்கிட்டா நிக்குது" என்று சிரித்தேன். பிறகு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த அவசரக்காரன்தான் இப்போது உன் டப்பாவையும் பத்து வாரம் முன்னாலேயே வெளியே எடுத்தவன்.

இன்று காலை எழுந்ததும் கிளினிக்குக்கு ஓடினேன். சுட்டுத் தின்றதைத் திரும்ப வாங்கி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்காதே. கால் போனது, நானும் கூடப் போனேன். வரவேற்பில் இருக்கும் பெண், "ஐயா, வெள்ளிக்கிழமை வந்தது வெள்ளிக்கிழமையே காலி. பல்லப் புடுங்கிட்டு வாயில பஞ்சோட வந்தவர்கூட ஒண்ண பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போனாரு" என்றாள். டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுவரைக்கும் வந்ததுலயே அதுதாங்க டாப். சாக்லேட்ட மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீ அதற்கு மட்டும் நல்ல சாக்லேட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறாய். அலமாரியில் அந்த உறை இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன்.

உன் பிரஷர் இறங்க வேண்டும், குருவி. என்மேல் கோபம் என்றால் உரக்கத் திட்டிவிடு, அம்மா ஸ்பீக்கரில் போடட்டும், வார்டு முழுக்கக் கேட்கட்டும். சுவரைப் பார்த்துப் படுக்காதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா


ஜூன் 19, வெள்ளி

அன்புள்ள குருவிக்கு,

போன வாரம் மாப்பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடிதம் இல்லையா என்று கேட்கவில்லை. அவர் பையைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றேன், அவ்வளவுதான். "தூங்கிட்டிருந்தா, மாமா" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடுகிறது.

உன் அம்மாவிடம் கேட்டேன். பிரஷர் குறைந்துவிட்டதாம். ஆனால் கட்டில் பக்கத்தில் ஒரு காகிதத்தில் நாள் எண்ணிக் கோடு போட்டு வந்தாயாமே, அதை நிறுத்திவிட்டாயாம். "கோடு போட்டா மட்டும் என்னம்மா" என்றாயாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் ஃப்ரீசர் முன்னால் போய் நிற்கிறேன். கதவைத் திறக்கக் கூடாது என்று சொன்னவனும் நான், அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனும் நான்.

கடைசியில் கையை வேலையில் போட்டேன். உன் சமையல் நோட்டை எடுத்து, அந்த மாவை நானே கலக்குவது என்று உட்கார்ந்தேன்.

நோட்டா அது! 'வெண்ணெய், வழக்கம்போல.' யார் வழக்கம்? 'பதமாக வரும்வரை.' எந்தப் பதம்? எங்கள் கிடங்கில் இப்படிக் குறிப்பு எழுதியிருந்தால் இரண்டு லாரி மீன் வாசலிலேயே நாறியிருக்கும்.

முதல் தடவை சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்கிய சூட்டோடு முட்டையை ஊற்றிவிட்டேன். சாக்லேட் நிறத்தில் முட்டைப் பொரியல் வந்தது. இரண்டாவது தடவை ஆறவைத்தேன். ஆனால் கோபத்தில் அடித்து அடித்துக் கலக்கியதில் சுட்டதும் ரப்பர் செருப்பு மாதிரி இழுத்தது. மாப்பிள்ளை ஒரு துண்டு வாங்கி வெகுநேரம் மென்றார். எப்படி என்று கேட்டேன். "இன்னும் முடியல, மாமா" என்றார். குருவி, இரண்டு மாதத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் நகைச்சுவை அது. உன்னிடம் சேர்க்க வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

மூன்றாவது தடவை மாவு சரியாக வந்தது, டப்பாதான் கெட்டது. விளிம்பு வரை ரொப்பி மூடினேன். காலையில் பார்த்தால் மூடி ஒரு பக்கம் எழும்பி, மாவு மேலே பனி பூத்து, டப்பாவே கோணிக்கொண்டு நிற்கிறது. உறைந்தால் சரக்கு பருக்கும், மேலே ஒரு விரல் இடம் விட வேண்டும் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் வருடக்கணக்கில் பாடம் எடுத்தவன் நான்தான். உன் நோட்டிலும் அது இருக்கிறது, கடைசி வரி. என்னைப் போல ஒருவன் எனக்குக் கீழே வேலை பார்த்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன்.

நேற்று நான்காவது தடவை. அவசரப்படவில்லை. சாக்லேட் உறையை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி அதே சாக்லேட்டாக வாங்கினேன். உருக்கி, விரல் வைத்தால் சுடாத வரைக்கும் காத்திருந்தேன். காத்திருக்கும் நேரத்தில் வேறு எதையும் தொடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உன் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்த அரைமணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது. நீ அதைப் பகலும் இரவுமாக ஒரு மாதமாகச் செய்கிறாய். யாரும் அதை வேலை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இரட்டைப் பங்காகக் கலக்கினேன். ஒரு பங்கைச் சுட்டுப் பார்த்தேன். மேலே காகிதம் மாதிரி வெடித்து, உள்ளே ஈரமாக, உன்னுடையதற்கு ஒரு தெருத் தள்ளியாவது வந்து நின்றது. மாப்பிள்ளை இரண்டாவது துண்டைக் கேட்காமலே எடுத்தார். உன் பாராட்டுப் பத்திரம் வரும்வரை அது போதும். மற்ற பங்கு டப்பாவில் இருக்கிறது. மேலே ஒரு விரல் இடம் விட்டேன். மாவின் முகத்தோடு ஒட்டும்படி பிளாஸ்டிக் தாள் போட்டேன், காற்று புகாது. இரண்டு உறை. ஐஸ் தட்டுக்குப் பின்னால், நீ வைத்த அதே இடம். ஃப்ரீசர் கதவில், 'மாமா, தொடாதீங்க' என்று மாப்பிள்ளை ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். இரண்டாவது நகைச்சுவை.

இது நீ செய்த டப்பா இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பயந்துகொண்டே, ஒருவரிடமும் சொல்லாமல், ஸ்டூலில் உட்கார்ந்து செய்த அந்த ஒன்றை நான் கிளினிக்கில் பஞ்சு வைத்த வாய்களுக்குக் கொடுத்துவிட்டேன். அதைத் திருப்பித் தர என்னால் முடியாது. ஆனால் ஒன்று எழுதுகிறேன், கேள். அந்த டப்பா போனது உள்ளே இருப்பவரால் இல்லை, உன்னால் இல்லை, எதற்கும் அடையாளமும் இல்லை. ஓர் அவசரக்காரக் கிழவன் லேபிளைத் தப்பாகப் படித்தான், அவ்வளவுதான். தொட்டில் கட்டிலுக்கும் இதையேதான் சொல்வேன். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இரண்டு வருடம் ஜோக் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

டப்பாவின் மேல் இன்னும் எதுவும் எழுதவில்லை. இருபத்தாறு வருடம் லேபிள் எழுதிய கைதான், மூன்று தடவை பென்சிலை எடுத்து மூன்று தடவை கீழே வைத்துவிட்டது. அந்தத் தேதியை எழுத வேண்டியவள் நீ. கடிதத்துக்குள் ஒரு வெள்ளை லேபிள் வைத்திருக்கிறேன், பார். மாப்பிள்ளை திரும்பும்போது எழுதிக் கொடுத்தனுப்பு. ஒட்டுவது மட்டும் என் வேலை.

எங்கள் கிடங்கில் ஒரு சட்டம் இருந்தது. வெளியேறும் தேதி எழுதிய சரக்கு, அந்தத் தேதிக்கு முன்னால் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் என் கையெழுத்து வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் வேண்டும். உள்ளே இருப்பவரிடம் இதைச் சொல்லிவை. தாத்தா கையெழுத்துப் போடுவதாக இல்லை. எவ்வளவு உதைத்தாலும் சரி, உதைப்பது நல்லதுதான், உதைக்கட்டும். தேதி வரட்டும். அன்றைக்குக் கேட்டை நானே திறந்து வைக்கிறேன், முதல் நாள் மாலையே டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு.

லேபிளோடு ஒரு துண்டுப் பென்சிலும் இருக்கிறது. பேனாவால் எழுதாதே, குருவி. பனி ஈரத்தில் மை கரைந்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும்.

கேட்டில் நிற்கும்
உன் அப்பா